17ஆம் தேதி சங்கீதம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் நீ "ம்", "சரி பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். பதில் போட வேண்டும் என்றில்லை.

உன் அம்மா எல்லாம் சொன்னாள். ஏன் சொன்னாய் என்று அவளைக் கோபிக்காதே. ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகொண்டே போன் செய்கிறவளிடம் நான் கேட்காமல் இருப்பேனா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வாக்குத்தத்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டாயாம். அன்றிலிருந்து வீட்டில் ஜெபம் இல்லையாம். மாப்பிள்ளை மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக ஜெபித்துவிட்டு வருகிறாராம். அட்டையைக் கிழித்ததற்குத்தான் உன் அம்மா பயப்படுகிறாள். எனக்கு அதில் ஒரு பயமும் இல்லை. நீ வாயை மூடிக்கொண்டாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என்ன வசனம் என்று விசாரித்தேன். யாத்திராகமம் 23:26. கர்ப்பம் கலைவது இருக்காது என்று வருகிற இடம். நீங்கள் போகிற ஐக்கியத்தில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் உன்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த வருஷம் இது உனக்கு என்று கையில் கொடுத்தார்களாம்.

உட்கார்ந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பார். எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த ஒரு பெரிய ஜனக்கூட்டத்துக்கு, அவர்கள் போய்ச் சேரப்போகிற தேசத்தைப் பற்றிச் சொன்னது அது. பெங்களூரில் ஒரு பெண்ணுக்கு எடுக்கப்போகிற ஸ்கேனைப் பற்றிச் சொன்னதல்ல. மூன்று வசனம் தள்ளிப் போனால், ஒரே வருஷத்தில் எல்லாம் நடந்துவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும் என்றும் இருக்கிறது. அதிகாரத்தின் தொடக்கத்தில், உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்துகிடந்தால் பார்த்துக்கொண்டு போகாதே, நின்று தூக்கிவிடு என்றிருக்கிறது. லஞ்சம் வாங்காதே என்றிருக்கிறது. ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா போட்டு, தானாக விளைவதை ஏழைகள் எடுத்துக்கொள்ள விடு என்றிருக்கிறது. இதில் ஒன்றையாவது பொன்னெழுத்தில் அச்சடித்து, ரோஜாப்பூப் படம் போட்டு யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறாயா? "இந்த வருஷம் உனக்குக் கழுதை" என்று மைக்கில் சொன்னால் எத்தனை பேர் கை நீட்டுவார்கள்?

சிரித்தாயா? கொஞ்சமாவது சிரித்திருந்தால் சந்தோஷம்.

அந்த ஐக்கியத்திலிருந்து உன்னைப் பார்க்க வந்த அம்மாவைப் பற்றியும் கேள்விப்பட்டேன். பழம் வாங்கிக்கொண்டு வந்தார்களாம், தலையில் கை வைத்து ஜெபித்தார்களாம், எழுந்திருக்கும்போது "சத்துருவுக்கு எங்கேயோ ஒரு வாசல் திறந்திருக்கிறது, யோசித்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் பழத்தைக் கையில் கொடுத்தே அனுப்பியிருப்பேன். உன் தாத்தா கட்டிலில் கிடந்தபோதும் இதே கதைதான். எண்ணெய் பூசி ஜெபிக்க ஒருவர் வந்தார். அப்போது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய், நினைவிருக்காது. தாத்தா எழுந்திருக்கவில்லை என்றதும், "இந்த வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு போனார். அந்த "யாரோ" தான்தான் என்று பாட்டி சாகிறவரை நம்பிக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதும் இல்லை.

தோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1931இல் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர்; படுத்துக்கொண்டே எத்தனையோ புத்தகம் எழுதினார். அவருக்கு எந்த வாசல் திறந்திருந்ததாம்? பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் கல்லறையில் கல் நடாமல், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள்.

அன்னாளை எடுத்துக்கொள். பிள்ளைக்காக அழுது, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தாள். ஆலயத்தில் உட்கார்ந்திருந்த ஏலி என்ன நினைத்தார்? குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டினார். அவர் ஆசாரியர்! அன்னாள் அதற்காக வெட்கப்பட்டு எழுந்து போய்விடவில்லை. நான் வெறித்திருக்கவில்லை, என் மனசைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நேருக்கு நேர் பதில் சொன்னாள். உன்னைப் பார்க்க வந்த அந்த அம்மாவுக்கு நீயும் ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சரி, விடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பு.

தாத்தாவின் சங்கீதப் பழக்கம் உனக்குத் தெரியும். பழைய பொது ஜெப புத்தகத்தில் 150 சங்கீதத்தையும் 30 நாளைக்குப் பிரித்திருக்கும், காலைக்குக் கொஞ்சம், மாலைக்குக் கொஞ்சம். 31ஆம் தேதி வந்தால் 30ஆம் தேதியுடையதே மறுபடியும். அவர் காலண்டரைப் பார்ப்பார், தேதிக்கு என்ன வருகிறதோ அதை வாசிப்பார், அவ்வளவுதான். உன் அம்மா கல்யாணம் 17ஆம் தேதி. 17 காலைக்கு 86, 87, 88. முற்றத்தில் பந்தல், அடுப்படியில் பத்துப் பேர், பெண்ணுக்குப் பூ வைக்க ஆள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து 88ஐ நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார். அந்தச் சங்கீதத்தை நீ படித்திருப்பாயோ என்னவோ. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை எட்டிப் பார்க்கும். இதில் கிடையாது. கூப்பிட்டேன், பதில் இல்லை, சிநேகிதரும் தூரமாய்ப் போனார்கள், இருட்டு, அதோடு முடிந்துவிடும். உன் பெரிய மாமா பொறுக்கமாட்டாமல், "கல்யாண வீட்டில் இதையா வாசிப்பது, இன்றைக்கு ஒருநாள் வேறே ஏதாவது வாசிக்கக் கூடாதா?" என்றார். "இன்றைக்கு நமக்கு வேண்டாம்தான். இந்த ஊரில் யாருக்காவது வேண்டியிருக்கும். அவனுக்கு வாய் வராது. அவனுக்காக நாம் வாசிப்போம்" என்றார் தாத்தா. வாசித்து முடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பினார்.

அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. இந்த மாதம் 17ஆம் தேதி 88 வந்தபோது அது யாருக்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நீ ஜெபம் செய்யவில்லை என்பதற்காக உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டேன். ஸ்தோத்திரம் சொல், துதி செய், எல்லாம் நன்மைக்கே என்று சொல், அதெல்லாம் வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தையே சொல். அவர் கேட்டுப் பழகியவர்தான். 2ஆம் தேதி மாலைக்கு வருகிற 13ஆம் சங்கீதத்தில் தாவீது இரண்டே வசனத்துக்குள் நாலு தரம் எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று கேட்கிறான். அப்படிக் கேட்டவனைத் தேவன் தள்ளிவிடவில்லை. உனக்கு வார்த்தை வரவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்:

"ஆண்டவரே, உம்மோடு பேச எனக்கு மனசில்லை. அதை வேறே யாரிடமும் சொல்லப் பிடிக்காமல் உம்மிடமே சொல்கிறேன். நான் பேர் வைக்காத பிள்ளையை நீர் அறிவீர். ஏன் என்று கேட்டு எனக்குக் களைத்துவிட்டது. இன்று சாப்பிடவும் தூங்கவும் பெலன் தாரும். மாடியில் நிற்கிறவருக்கும் தாரும். ஆமென்."

இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. சொல்லவும் மனசில்லையா, காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள். நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இனி அந்த ஐக்கியத்துக்கே போவதா, வேண்டாமா என்பது உன் இஷ்டம். நீயும் மாப்பிள்ளையும் படித்தவர்கள், முடிவெடுத்துக்கொள்ளுங்கள். பாட்டும் டிரம்ஸும் உங்கள் வயசுக்குப் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சி.எஸ்.ஐ. தமிழ் ஆலயம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலை ஏழரைக்கு ஆராதனை, ஆட்டோவில் பத்து நிமிஷம். அங்கே இருக்கிற ஐயர் நம் பக்கத்துக்காரர்தான். போன வாரம் சும்மா போன் செய்து பேசினேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, உன் பெயரையும் பிளாட் நம்பரையும் மட்டும் சொன்னேன். அவர் வந்தால் காபி கொடு, ஜெபிக்கச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அட்டை கொடுக்கிற இடத்துக்கே மறுபடியும் போனாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். கொஞ்சம் நினைப்பேன்.

அதிகமாகத்தான் எழுதிவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்த கை, காகிதத்தைக் கண்டால் பாடம் நடத்துகிறது. நீ தைரியசாலி. சின்னதில் நாய் கடித்து ஊசி போட்டபோதும் அழாத பிள்ளை என்று உன் பெரியப்பா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார். இப்போது அழு, தப்பில்லை. எங்கள் எல்லாருக்கும் உன்மேல் உசிர், அது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

உளுந்து மாவும் உடன்குடிக் கருப்பட்டியும் பார்சலில் வருகிறது. களி கிண்டி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, காலையில் சாப்பிடு. இடுப்புக்கு அதைவிட ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளைக்கு முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு கிலோ. அவர் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள்; ஆம்பிளைகள் இந்த நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் பட்டினி கிடப்பார்கள்.

என்றும் உன்மேல் அன்புள்ள,
பெரியம்மா

பின்குறிப்பு: முழங்கால் சரியானதும் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். எழும்பூருக்குப் போய் மாறாமல் நேராக வருகிற ரயில் எது என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல். கீழ் பெர்த் வேண்டும்.