ஆழியும் சிப்பியும் இரத்தச்சோகைக்கு உணவாகுமா?

கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரும்போது, எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதியினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: “முகத்துவாரத்தில் எடுக்கும் ஆழியைச் சாப்பிடலாமா, டாக்டர்?” ஒரு சொல்லில் விடை கூற இயலாத வினா இது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. ஆழி, சிப்பி, மட்டி ஆகியவற்றில் புரதத்துடன் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் பி12 ஆகியனவும் செறிந்துள்ளன. அசைவ உணவிலுள்ள இரும்பைக் குடல் கீரையின் இரும்பைவிட எளிதில் ஏற்கும். வஞ்சிரம் வாங்க இயலாத வீட்டிற்கும் எட்டக்கூடிய உணவு இது.

இவற்றை வளர்க்கத் தீவனம் வேண்டுவதில்லை. நீரிலுள்ள நுண்பாசியை வடிகட்டி உண்டே வளர்கின்றன. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், 1990-களின் பிற்பகுதியிலிருந்து பெண்கள் குழுக்கள் காயலில் மூங்கில் நட்டு, பச்சை ஆழிக் குஞ்சுகளைக் கயிற்றில் சுற்றித் தொங்கவிட்டு, பருவமழைக்கு முன் அறுவடை செய்து வருகின்றன. அங்கே அதன் பெயர் கல்லுமக்காய். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையைப் பரப்பியது. நமக்கு அருகிலேயே, பழவேற்காட்டில், ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஜேம்ஸ் ஹார்னெல் சிப்பி வளர்ப்பை முயன்று பார்த்தார் என்பது நம்மில் பலர் அறியாதது.

ஆனால் நீரை வடிகட்டி உண்ணும் அந்த இயல்பே தீங்குக்கும் வழியாகிறது. நீரில் கழிவிருந்தால் அது சதையில் தங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் பல்லாண்டுகளாகக் கலந்துள்ளன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவியது. வேகவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் அழியும். ஈயமும் காட்மியமும் போகா. வளர்ப்புப் பண்ணைகளில் அறுவடைக்குப்பின் தூய நீரில் இட்டுவைக்கும் முறை உண்டு. அதுவும் கிருமிகளைக் குறைக்குமேயன்றி உலோகங்களை நீக்காது. இப்போது ஆற்றுப் படுகையை மூடிவரும் ‘காக்கா ஆழி’யும் அதே நீரில்தான் வளர்கிறது.

ஆகவே, கருவுற்றோரும் குழந்தைகளும் இக்கழிமுகத்து ஆழியைத் தவிர்க்கவேண்டும் என்பதே எங்கள் கருத்து. மீனவர் குடும்பங்களிடம் இதைச் சொல்வது எங்களுக்கு எளிதன்று. அவர்கள் பாட்டன் காலத்து உணவு அது, நீரைக் கெடுத்தவர்களும் அவர்களல்லர். தூய நீரில் வளர்த்துச் சோதிக்கப்பட்டது கிடைத்தால், நன்கு வேகவைத்துத் தாராளமாக உண்ணலாம். அதுவரை காசிமேட்டு நெத்திலி, ஆட்டுச் சுவரொட்டி, முட்டை, முருங்கைக்கீரை போதும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் தேநீர் வேண்டா. எவ்வுணவும் மாத்திரைக்கு மாற்றாகாது.

கல்லீரல் நோயாளிகள் எவ்விடத்துச் சிப்பியையும் அரைவேக்காடாக உண்ணலாகாது. யூரிக் அமிலம் மிகுந்தோர், சிப்பி வகை ஒவ்வாதோர் எங்களைக் கேட்டபின்னரே உண்ணவேண்டும்.

இன்னுமொன்று. சில நுண்பாசிகளின் நஞ்சு மட்டியின் சதையில் சேரும், வேகவைத்தாலும் அழியாது. 1981-இல் தமிழகத்தின் வயலூரில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். உண்ட சில மணிநேரத்துள் உதடும் நாக்கும் மரத்துப்போனாலோ, விரல்களில் கூச்சம் எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாது 108-ஐ அழையுங்கள். மூச்சுத் தசைகள் செயலிழக்கும்முன் வந்துசேர்ந்தால், செயற்கைச் சுவாசம் அளித்துக் காப்பாற்ற இயலும். உண்டதில் மிச்சமிருந்தால் அதையும் உடன் கொண்டுவாருங்கள்.