சைக்கிளில் போய்ப் பறவைகளை வழியனுப்புங்கள்!

மாசி, பங்குனியைச் சித்த மருத்துவத்தில் பின்பனிக் காலம் என்போம். விடியலில் பனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். வேடந்தாங்கலுக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிகள் மூட்டை கட்டுவதும் இப்போதுதான். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே, சைபீரியா வரைக்கும்கூடப் போகும். கிளம்புமுன் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வழிநெடுக அதுதான் எரிபொருள்.

மதுராந்தகத்திலிருந்து ஏரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். காரில் போனால் ஒன்றும் தெரியாது. சைக்கிளில் போங்கள், வயலில் நிற்கும் நத்தைகுத்தி நாரைகூட நின்று பார்க்கக் கிடைக்கும். இருநூறு வருஷத்துக்கு மேலாக ஊர்க்காரர்களே இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாயிற்றே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நானும் சர்க்கரைக்காரன்தான். ஆங்கில மருத்துவரிடம்தான் மாத்திரை வாங்குகிறேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. மூன்று வருஷம் முன்பு ஒரு பங்குனி விடியலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'வந்து சாப்பிட்டுக்கலாம்' என்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டேன். ஏரிக்கரை தெரியும் நேரத்தில் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. அப்படியே சைக்கிளோடு சாய்ந்தேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து, "என்னா சாமி, மயக்கமா?" என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். வைத்தியனுக்கே வைத்தியம்!

எனக்கு நினைவு இருந்தது, விழுங்கினேன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆகவே மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுக் கிளம்புங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை கண்டால் உடனே இறங்கி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

முழங்கால் வலிக்கிறது என்பவர்கள் சீட்டைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும். பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டியைக் குறை சொல்கிறார்கள். வீடு திரும்பியதும் சர்க்கரைக்காரர்கள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் இருந்தாலும் உறைக்காது.

பைனாகுலர் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், கரையிலேயே பார்வைக் கோபுரம் இருக்கிறது. சித்திரை பிறந்தால் வாத்துகளைப் பார்ப்பது அரிது. வரும் ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்களேன்!