புகைத்திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்கள்

கேள்வி: ஸ்டார்கிராஃப்ட் மாதிரியான விளையாட்டுகளில், எதிராளி மறைத்து வைத்திருக்கும் படையைச் சிலர் குறுக்குவழியில் பார்த்துவிடுகிறார்களே, இதைத் தடுக்கவே முடியாதா?

பதில்: முடியும், ஆனால் அடித்தளத்தையே மாற்ற வேண்டும். 1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் இரண்டிலும் ஒவ்வொருவரின் கணினியும் முழுப் போர்க்களத்தையும் தானே கணக்கிட்டு வைத்திருக்கும். இணையத்தில் போய்வருவது பெரும்பாலும் வீரர்களின் கட்டளைகள்தான். 28.8 கிலோபிட் மோடம் காலத்தில் பெரும் படைகளை மோதவிட அது அருமையான உத்திதான். ஆனால் எதிரியின் படை உங்கள் கணினியின் நினைவகத்திலேயே இருக்கிறது. அதை மறைப்பதாகத் திரையில் தெரியும் மூடுபனி வெறும் ஓவியம். நினைவகத்தைப் படிக்கத் தெரிந்த நிரலுக்கு எல்லாம் வெட்டவெளிச்சம்.

'கணினிகள்தான் தங்கள் கணக்கை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனவே' என்பீர்கள். அந்தச் சோதனை, கணக்கை மாற்றியவரைப் பிடிக்கும். எதையும் மாற்றாமல் பார்த்தவரைப் பிடிக்காது. ஸ்டார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்டின் வார்டன் போன்ற காவல் நிரல்களோ தெரிந்த திருட்டைத்தான் எளிதில் பிடிக்கும். புதியது வந்தால் மறுபடி ஓட்டப்பந்தயம். எனவே டோட்டா 2 விளையாட்டு செய்வதுபோல, போர்க்களத்தை நிறுவனத்தின் சர்வரில் வைத்து, அவரவர் பார்வைக்கு எட்டுவதை மட்டும் அனுப்புவதே சரி. இல்லாத தகவலை யாரும் திருட முடியாது. சர்வர் செலவு கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். நிறுவனம் கடையை மூடினால் விளையாட்டும் நின்றுபோகலாம். நண்பர்களுக்குள் ஆட பழைய முறை போதும். பரிசுப் பணம் வைத்துப் போட்டி நடத்துபவர்கள் மட்டும் இந்தச் செலவைத் தட்டிக்கழிக்கக் கூடாது.