சுவரில்லா அறைகள்

ஜார்ஜ்டவுன் நாசி கண்டார் கடைகளில் குழம்பின்மேல் எண்ணெய்த் துளிகள் மிதப்பதைக் காணலாம். இரு துளிகள் தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும். அவற்றைச் சுற்றிச் சவ்வு ஏதுமில்லை. ஆயினும் அவை நீரோடு கலப்பதில்லை. நம் உயிரணுக்களுக்குள்ளும் சவ்வில்லாத துளிகள் உண்டு.

மைட்டோகாண்ட்ரியா போன்ற உயிரணு உறுப்புகளைச் சவ்வு சூழ்ந்திருக்கிறது. உட்கருவினுள் உள்ள நியூக்ளியோலஸுக்கோ சவ்வு இல்லை. அங்கே இருப்பது எண்ணெயன்று, புரதங்களும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து, நீர் கலந்த செறிவான துளியாகத் திரள்கின்றன. இதனை நிலைமைப் பிரிகை என்பர்.

நியூக்ளியோலஸில்தான் ரைபோசோமின் பகுதிகள் உருவாகின்றன. புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்த, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில் கிளிஃபோர்டு பிராங்க்வின், அந்தோணி ஹைமன் ஆகியோரின் குழு முக்கியமான ஆய்வொன்றை வெளியிட்டது. ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும் புழுவின் கருவில், பி-துகள்கள் திரவம்போல் ஒழுகி, ஒன்றுசேர்ந்து, கரைவதை அக்குழு காட்டியது.

சவ்வு இல்லாததால் மூலக்கூறுகள் எளிதில் வந்துபோகும். வெப்பம் மிகும்போது ஆர்.என்.ஏ.யைத் துளிகளில் சேர்த்து வைக்கும் உயிரணு, நிலைமை சீரானதும் அதனை விடுவிக்கும்.

ஆனால், இத்துளிகள் இறுகினால் ஆபத்து. எஃப்.யூ.எஸ். என்னும் புரதத்தின் துளிகள் நேரம் செல்லச் செல்ல இறுகி நார்களாவதை ஆய்வாளர்கள் 2015-இல் சோதனையில் கண்டனர். நோயாளிகளிடம் காணப்படும் மாற்றமுற்ற புரதம் இன்னும் விரைவாக இறுகியது. தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயுடன் இம்மாற்றம் தொடர்புடையது. அந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. எனவேதான், துளிகள் இறுகாமல் காக்கும் வழியை அறிவியலாளர்கள் தேடி வருகின்றனர்.