அருவிப் பாறையும் கடைவாய்ப் பல்லும்

தென்காசியிலிருந்து எழுதிய அன்பருக்கு,

சாப்பிட்டவுடன் மறக்காமல் வாய் கொப்பளித்தும் பல்லில் மாவு மாதிரிப் படிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு என்னைக் கேட்கலாமா? சாரல் காலத்தில் ஐந்தருவியில் அத்தனை தண்ணீர் கொட்டியும் பாறை வழுக்கத்தானே செய்கிறது! ஒட்டாததைத்தான் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். பாறையைப் பற்றிக்கொண்ட வழுவழுப்பைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பல் துலக்கிய சில நிமிடத்திலேயே உமிழ்நீரின் புரதம் பல்மேல் மெல்லிய ஏடாகப் படிந்துவிடும். முதலில் வரும் கிருமிகள் அந்த ஏட்டைப் பிடித்துக்கொள்ளும், அவற்றின்மேல் மற்றவை குடியேறும். நாம் தின்னும் சர்க்கரையிலிருந்தே சில கிருமிகள் பசையும் செய்துகொள்கின்றன, பல்லை அரிக்கும் அமிலத்தையும் கக்குகின்றன. நாள்பட விட்டால் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகும். அதற்குப் பிறகு பிரஷ் பாச்சா பலிக்காது.

ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் 1683இல் தம் பல்லிடுக்கு அழுக்கை உருப்பெருக்கியில் வைத்து, நெளியும் உயிர்களைக் கண்டார். வினிகரால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். படிவின் மேற்புறத்தில் இருந்தவைதான் செத்தன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று முடிவுகட்டினார். பாட்டில் பாட்டிலாக மவுத்வாஷ் வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

உங்கள் தாத்தா பல்லே தேய்க்காமல் கடைசிவரை முறுக்குக் கடித்தார் என்கிறீர்கள். நம்புகிறேன். ஹரால்ட் லோ என்ற நார்வே மருத்துவர், 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பார்த்துவந்தார். பல் துலக்கும் வழக்கமே இல்லாதவர்கள். நூற்றுக்கு 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் வளரவில்லை. 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது. 8 பேருக்கு விறுவிறுவென்று. தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்களும் அப்படித்தானா என்று பந்தயம் கட்டிப் பார்க்க நான் சொல்ல மாட்டேன்.

இதே லோ 1965இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம்போல் ஆனதில் சரியாகிவிட்டது.

ஆகவே மெத்தென்ற பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், காலையும் படுக்குமுன்னும் இரண்டு நிமிடம். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தை விட்டுவிடாதீர்கள். பிரஷ் நுழையாத இடுக்குக்கு நூல். உமிக்கரி வேண்டாம், அது பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்று உங்கள் அம்மா பயப்படுவது ஊரெல்லாம் உள்ள பயம்தான். அப்படி ஆடினால், பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே கரைந்திருக்கும். அதுவரை காரை முட்டுக்கொடுத்து மறைத்திருக்கும். எடுத்தபின் சில நாள் கூசும். அந்த நாட்களில் அம்மாவுக்கு ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் மட்டும் வாங்கிக்கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவர்