கிளவுடில் நம் பெயரில் என்னென்ன இருக்கிறது?

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் பக்கம் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் 'பாடு' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பிற ஊர் உறுப்பினர்களுக்காக இரண்டு வரி. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் குறைவு, வலை போட வருகிறவர்களோ அதிகம். ஆகவே தலைக்கட்டுக் கணக்கில் பெயர் எழுதி, முறை வைத்து, இன்னார் இன்ன இடத்தில் இறங்கலாம் என்று ஊரே தீர்மானிக்கும். பட்டியலில் பெயர் இருப்பதால் அந்த ஆள் இப்போது தண்ணீரில் நிற்கிறார் என்று அர்த்தமில்லை. முறை வரும்போது இறங்குவார், முடிந்ததும் கரையேறி விடுவார். பெயர் இல்லாதவர் இறங்கவே முடியாது. பட்டியலில் யார் யார் என்பதில் தகராறு வருவதும் அதனால்தான்.

இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவதும் இப்படி ஒரு பட்டியலைத்தான்.

முன்பு கம்ப்யூட்டர் வேலை ஏதாவது ஆக வேண்டுமென்றால் ஒரு சர்வரையே மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடங்கு வாடகை கொடுப்பது போல. 2014 நவம்பரில் அமேசான் நிறுவனம் 'லாம்டா' என்ற சேவையை அறிவித்தது. ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுத்து விட்டால், கூப்பிடும்போது மட்டும் அது ஓடும், பிறகு நின்று விடும். எத்தனை முறை கூப்பிட்டோம், எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நினைவகம் கேட்டது என்று பார்த்துக் கட்டணம் போடுகிறார்கள். ஒரு முறைக்கு அதிகபட்சம் 15 நிமிடம். மாதம் முதல் 10 லட்சம் அழைப்புகளுக்கு அழைப்புக் கட்டணம் கிடையாது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் இதே வகைச் சேவையை நடத்துகின்றன. 'சர்வர்லெஸ் ஃபங்ஷன்' என்று சொல்வது இதைத்தான். சர்வர் இல்லாமல் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ளும் தலைவலி நமக்கு இல்லை, அவ்வளவே.

ஒரு இறால் மொத்த வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை 5 மணிக்கு வாடிக்கைக் கடைகளுக்கு அன்றைய விலையை அனுப்ப ஒரு ஃபங்ஷன், பில் போட ஒன்று, யு.பி.ஐ.யில் பணம் வந்ததா என்று சரிபார்க்க ஒன்று. எல்லாம் ஒரு பையன் எழுதிக் கொடுத்தது. பையன் வேறு வேலை கிடைத்துப் போய் விட்டான். இப்போது நம் பெயரில் என்ன இருக்கிறது, எது எதற்கு என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது. பழைய விலை ஃபங்ஷன் ஒன்று நிறுத்தப்படாமல் கிடந்து, போன வருட விலையில் கடைகளுக்குச் செய்தி போனால், அந்த விலைக்குச் சரக்கு கேட்டு வருகிறவரிடம் நாம் என்ன பதில் சொல்வது?

இங்கேதான் புதிய கருவி வருகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஏ.ஐ. ஏஜென்ட் வெளியிலுள்ள கருவிகளை எடுத்துப் பயன்படுத்த ஒரே மாதிரியான வழி அது. அப்படிப்பட்ட கருவிகளில் ஒன்று ஃபங்ஷன்களின் பட்டியலை எடுத்துத் தருவது. 'நம் கணக்கில் என்னென்ன ஃபங்ஷன் இருக்கிறது?' என்று தமிழிலேயே கேட்கலாம். ஏஜென்ட் கருவி வழியாகக் கிளவுடைக் கேட்கும். பெயர், எந்தக் கணினி மொழி, எவ்வளவு நினைவகம், கால வரம்பு, கடைசியாக மாற்றிய தேதி, சிறு விளக்கம் ஆகியவை வரும்.

வந்த பட்டியலை எப்படிப் படிப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. லாம்டா ஒரு தடவைக்கு 50 பெயர்தான் கொடுக்கும், மீதிக்கு அடுத்த பக்கம் கேட்க வேண்டும். ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் பட்டியல் வேறு. அமேசானின் மும்பை பிராந்தியம் 2016இலும் ஹைதராபாத் பிராந்தியம் 2022இலும் திறக்கப்பட்டன. மும்பையை மட்டும் கேட்டு விட்டுக் கணக்கு முடிந்தது என்று இருந்தால், பையன் அமெரிக்கப் பிராந்தியத்தில் போட்டு வைத்தது கண்ணில் படாது.

கடைசியாக மாற்றிய தேதி வேறு, கடைசியாக ஓடிய தேதி வேறு. இந்தப் பட்டியல் இரண்டாவதைச் சொல்லாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக் கடன் தவணையைத் தள்ளிப்போட ஒரு ஃபங்ஷன் இருந்தால், அது வருடத்துக்கு ஒரு தரம்தான் வேலை செய்யும். 2 வருடமாகக் கை வைக்கவில்லையே என்று அழித்தோமானால் தடைக்காலத்தில்தான் தவறு தெரியும்.

எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஃபங்ஷனுக்கு வேண்டிய அமைப்பு விவரங்களும் லாம்டா தரும் பட்டியலோடு சேர்ந்தே வரும். நிரல் எழுதுகிறவர்களில் சிலர் அவசரத்தில் அந்த இடத்திலேயே பணம் வசூலிக்கும் சேவையின் கடவுச்சொல்லை எழுதி விடுகிறார்கள். வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று ஏஜென்ட்டைக் கேட்கச் சொன்னால், கல்லாப்பெட்டிச் சாவியும் அதன் கைக்குப் போய்ச் சேரும். சில கருவிகள் பெயரையும் விளக்கத்தையும் மட்டும் எடுத்துக் கொடுக்கும், சில எல்லாவற்றையும் அப்படியே கொடுக்கும். எது எப்படி என்று அமைத்துத் தருகிறவரிடம் கேட்டு, சாவிகளைத் தனிப் பெட்டகச் சேவைக்கு மாற்றச் சொல்லிய பிறகே ஏஜென்ட்டை உள்ளே விட வேண்டும்.

பட்டியல் பார்க்க ஒரு அனுமதி, ஃபங்ஷனை ஓட்ட ஒரு அனுமதி, அழிக்க ஒரு அனுமதி. மூன்றும் தனித்தனி. முதலாளியின் சாவியைக் கொடுத்தால் மூன்றும் சேர்ந்து போய் விடும். ஏஜென்ட்டுக்கென்று தனிச் சாவி போட்டு, முதல் அனுமதியை மட்டும் கொடுப்பது நல்லது. அமேசானின் குழு வெளியிட்ட ஒரு எம்.சி.பி. கருவி, ஃபங்ஷன்களையே ஏஜென்ட் ஓட்டும்படி செய்து தருகிறது. பெயரின் முன்னொட்டு அல்லது அடையாளக் குறிப்பைக் கொண்டு இன்னின்னதை மட்டும் காட்டு என்று அதில் வரம்பு வைக்கலாம். ஆனால் கருவியில் வைக்கும் வரம்பு வாசலில் தொங்கும் திரை மாதிரி. பூட்டு என்பது கிளவுட் கணக்கில் கொடுக்கும் அனுமதிதான்.

விளக்கம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் ஏஜென்ட்டுக்கும் புரியாது, நமக்கும் புரியாது. 'புதுசு 2' என்ற பெயரைப் பார்த்து அது ஊகம்தான் செய்யும். அதனால் ஒரு வேலை செய்யலாம். ஏஜென்ட் கொடுத்த பட்டியலைக் காகிதத்தில் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இது எதற்கு, யார் கேட்டு எழுதியது, எப்போது ஓடும் என்று பையனுக்கு போன் போட்டுக் கேட்டு எழுதிப் பேரேட்டோடு வைத்து விடுங்கள். அதே பேச்சில், கிளவுட் கணக்கு எந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டது என்றும் கேளுங்கள். அவனுடைய மின்னஞ்சலில் இருந்தால், பட்டியலைச் சரிபார்ப்பதற்கு முன் கணக்கைக் கடையின் மின்னஞ்சலுக்கு மாற்றியாக வேண்டும்.