ஒரு டாலர் கடைமடை சேருமா?

'உங்கள் பெயரை எழுதுங்கள்' என்று ஆசிரியர் சொன்னால் முருகன் என்றோ வள்ளி என்றோ எழுதுவீர்கள். 'பெயர் என்று எழுதுங்கள்' என்றால் அந்தச் சொல்லையே எழுதுவீர்கள். 'என்று' என்னும் சிறு சொல் செய்யும் வேலை இது. கணிப்பொறிக்கு இந்த வேறுபாட்டை எப்படி உணர்த்துவது?

பல கோப்புகளில் உள்ள நிரலைத் தொகுத்து ஒரே மென்பொருளாக்க உதவும் கருவி 'மேக்'. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கியது, இன்றும் பயன்படுகிறது. இதற்கான கோப்பில்,

ஆறு = தாமிரபரணி

என்று எழுதினால் 'ஆறு' ஒரு மாறி ஆகிறது. பின்னர் $(ஆறு) என வரும் இடமெல்லாம் மேக் 'தாமிரபரணி' என்று இட்டுக்கொள்ளும். இதுவே மாறியை விரித்தல். 'பெயரை விடு, மதிப்பை எடு' என்பதே $ குறியின் பொருள்.

சரி, டாலர் குறியே வேண்டுமானால்? பத்தமடைப் பாய் ஒன்றின் விலை 9 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

அச்சிடு "விலை $9"

என்று ஆணையிட்டால் திரையில் 'விலை' மட்டுமே வரும்! மேக், 9 என்ற பெயருள்ள மாறியைத் தேடுகிறது. அது இல்லாததால் வெற்றிடத்தை இட்டுவிடுகிறது. பிழை என்றும் சொல்வதில்லை. இரண்டு டாலர் ($$) எழுதினால் ஒன்றாக்கித் தரும் என்பது மேக்கின் விதி. ஆனால் "விலை $$9" என்றாலும் 'விலை' மட்டுமே வருகிறது. ஏன்?

தாமிரபரணியை நினைத்துப் பாருங்கள். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். ஒவ்வொன்றும் தன் கால்வாய்க்கு நீர் எடுத்துக்கொண்ட பிறகே மிச்சம் கீழே போகும். நம் ஆணைக்கும் இரண்டு அணைக்கட்டுகள் உண்டு. முதலாவது மேக், அடுத்தது, ஆணையை நிறைவேற்றும் 'ஷெல்'. ஷெல்லுக்கும் $ குறி மாறியின் அடையாளமே. மேக் விட்டுவைத்த டாலரை அது எடுத்துக்கொண்டது!

ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை ஷெல் தொடாது. எனவே:

எழுதுவது: 'விலை $$9'
மேக் தருவது: 'விலை $9'
ஷெல் தருவது: விலை $9

மேற்கோள் இருக்கிறதே என்று ஒரு டாலரோடு நிறுத்தக்கூடாது. மேக்குக்கு மேற்கோள் ஒரு பொருட்டே அல்ல.

விலை காணாமற்போவது சிறு தொல்லை. 'இந்த அடைவில் உள்ளவற்றை அழி' என்னும் ஆணையில் அடைவின் பெயரைத் தரும் மாறி வெறுமையானால்? 2015-இல் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இதுவே நேர்ந்தது. பெயர் மறைந்து '/' மட்டும் எஞ்ச, பயனரின் சொந்தக் கோப்புகளும் அழிந்தன. அழிக்கும் ஆணைக்கு முன், மாறி வெறுமையா என்று சோதிப்பது நல்ல நிரலருக்கு அழகு.

சிந்தித்துப் பாருங்கள்: திரையில் $$ என்று இரண்டு டாலர் தெரிய, ஒற்றை மேற்கோளுக்குள் எத்தனை டாலர் எழுதவேண்டும்?